சான் செபாஸ்தியனில் சாப்பிடப் போகிறவர்களுக்கு

ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் உள்ள சான் செபாஸ்தியனுக்குப் போனால், இரவில் ஒரே கடையில் உட்கார்ந்து வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். பழைய நகரத்துச் சந்துகளில் பார் பாராக நடந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு பின்ச்சோ சாப்பிடுவதுதான் ஊர் வழக்கம். பின்ச்சோ என்பது இரண்டு வாயில் முடிகிற சிறு பதார்த்தம்.

முதலில் கில்டா கேளுங்கள். உப்பில் பதப்படுத்திய நெத்திலி, ஆலிவ், ஊறவைத்த பச்சை மிளகாய் மூன்றையும் குச்சியில் கோத்துத் தருவார்கள். நாக்கு விழித்துக்கொள்ளும்! அப்புறம், மேசையில் அடுக்கியிருப்பதைப் பார்த்ததும் கை நீளும், கொஞ்சம் பொறுங்கள். பல கடைகளில் சூடான வகைகளைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். கேட்டால்தான் சமைத்துத் தருவார்கள். எனக்குப் பிடித்ததெல்லாம் அந்தப் பலகையில்தான் இருந்தது.

கடைசியாக, பழைய நகரத்து லா வின்யா என்ற பாரில் சீஸ்கேக். மேலே கருகினாற்போல, உள்ளே குழைவாக இருக்கும். இன்று உலகமெங்கும் விற்கிற பாஸ்க் சீஸ்கேக் இங்கிருந்து பரவியதுதான். அதற்கு வயிற்றில் இடம் வையுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை போகிறவர்கள் பக்கத்து ஊரான அஸ்திகராகாவின் சைடர் கூடங்களையும் விடாதீர்கள். சைடர் என்பது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது. பீப்பாயிலிருந்து பீய்ச்சும் சைடரை நேராகக் கோப்பையில் பிடித்துக் குடிக்கலாம்.