கிளட்ச் வாங்கும் முன் மரப்பாலம் சிக்னலை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. இடையில் ஓடுவது பழைய ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, மேனுவல். கம்பெனிக் கணக்குப்படி 160 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (திருகு விசை). பவர் கூடுவதற்காக எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதும் ரீமேப் செய்த மூன்றாவது வாரம், கன்னியக்கோயில் தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில் ஐந்தாம் கியரில் அழுத்தினேன். ஆர்பிஎம் முள் விருட்டென்று ஏறியது. வண்டி வேகம் எடுக்கவில்லை. எஞ்சின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச், பிடி போதாமல் வழுக்குகிறது.

சரி, இனி ஜென்மத்துக்கும் வழுக்காத மாதிரி ஒன்றைப் போட்டுவிடுவோம் என்று, கிடைத்ததிலேயே முரட்டு செட்டாக வாங்கி மாட்டினேன். சொன்னபடியே அது வழுக்கவில்லை. ஆனால் புதுச்சேரி மரப்பாலம் சிக்னலில் பச்சை விழும்போதெல்லாம் வண்டி அணைந்துவிடும், இல்லாவிட்டால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். இடது முழங்கால் வலி தனி. 11 மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கியர்பாக்ஸை இறக்கினேன். ஒரே வேலைக்கு இரண்டு லேபர்.

இங்கே எழுதுவது அந்தத் தண்டச் செலவில் கற்றுக்கொண்டது. ரேஸ் டிராக் பக்கமே போகாமல் ரோட்டிலேயே ஓடுகிற, பவர் கூட்டிய மேனுவல் கார்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். டிஎஸ்ஜி என்கிற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் கதை வேறு. அதிலும் 7 கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜியை 250 நியூட்டன் மீட்டருக்கென்றே வடிவமைத்திருக்கிறார்கள். அதன் மேல் ரீமேப் செய்வதற்கு முன்பு நன்றாக யோசிக்க வேண்டும்.

குதிரையைச் சொல்லி கிளட்ச் கேட்பது

"200 குதிரை தாங்குமா?" கடையில் நானும் இப்படித்தான் கேட்டேன். கிளட்ச் மேல் விழுவது குதிரைத்திறன் இல்லை, டார்க். 6000 ஆர்பிஎம்மில் 200 பிஎஸ் தருகிற பெட்ரோல் எஞ்சின் அந்த இடத்தில் கொடுப்பது சுமார் 234 நியூட்டன் மீட்டர். அதே 200 பிஎஸ்ஸை 4000 ஆர்பிஎம்மில் தருகிற டீசல் கொடுப்பது சுமார் 351. குதிரை எண்ணிக்கை ஒன்றுதான், கிளட்ச் சுமக்கும் சுமை மட்டும் ஒன்றரை மடங்கு. டர்போ வண்டிகளில் ரீமேப் பெரும்பாலும் நடு ஆர்பிஎம்மில்தான் டார்க்கை வீங்க வைக்கிறது. அதனால்தான் முதல் கியரில் சீறிப் பாயும்போது தெரியாத வழுக்கல், ஐந்தாம் கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து மிதிக்கும்போது வெளிப்படுகிறது.

எனவே ரீமேப் செய்தவரிடம் டார்க் கிராஃபைக் கேட்டு வாங்குங்கள். பவர் அளக்கும் டைனோ மேடையில் சக்கரத்தில் எடுத்த அளவா, எஞ்சின் அளவா என்பதையும் கேளுங்கள். வழியில் கியர்பாக்ஸ் கொஞ்சம் விழுங்கிவிடுவதால் சக்கரத்தில் வரும் எண் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். கிளட்ச் பெட்டியில் போட்டிருப்பது பொதுவாக எஞ்சின் டார்க். சக்கர அளவைக் காட்டி அதற்குச் சரியாக கிளட்ச் வாங்கியவர் பற்றாக்குறையில் மாட்டிக்கொள்வார்.

இன்னொன்று, இதை எந்தக் கடையும் சொல்லாது. வழுக்கல் லேசாக, குறைந்த ஆர்பிஎம்மில் மட்டும் இருந்தால், நல்ல டியூனர் அந்த இடத்தில் டார்க்கைச் சற்றுக் குறைத்து, ஏறும் வேகத்தை மட்டுப்படுத்தித் தர முடியும். பிளேட்டில் இன்னும் தேய்மானம் பாக்கியிருந்தால் கம்பெனி கிளட்சே பல மாதம் தாங்கும். ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது.

நான்கு வழி, நாலுக்கும் விலை உண்டு

எஞ்சினோடு சுழலும் கனத் தட்டான ஃப்ளைவீல்மேல் கிளட்ச் பிளேட்டை பிரஷர் பிளேட் அழுத்திப் பிடிக்கிறது, கிளட்ச் என்பது அவ்வளவுதான். அது எவ்வளவு டார்க் தாங்கும் என்பது பள்ளிக்கூடப் பெருக்கல்தான். உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், உரசும் முகங்களின் எண்ணிக்கை, இந்த நாலையும் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு 0.3 உராய்வு, 7000 நியூட்டன் விசை, 95 மில்லிமீட்டர் ஆரம், ஒற்றை பிளேட்டுக்கு இரண்டு முகம் என்று வைத்தால் 399 நியூட்டன் மீட்டர். "அப்கிரேட்" என்று விற்கிற எல்லாமே இந்த நாலில் ஒன்றையோ இரண்டையோ கூட்டுவதுதான்.

ஆரத்தைக் கூட்ட ஹவுசிங்கில் இடம் இருக்காது, அதை விட்டுவிடுங்கள்.

அழுத்தும் விசையைக் கூட்டினால் பெடல் கனக்கும். கனம் காலோடு நிற்பதில்லை. பெடல் மிதியை கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஸ்லேவ் சிலிண்டர், ரிலீஸ் பேரிங், எஞ்சினுக்குள் கிராங்கைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் எல்லாம் அந்தச் சுமையைத் தாங்கியாக வேண்டும். சிக்னலில் முதல் கியரைப் போட்டு கிளட்சை மிதித்தபடியே 90 விநாடி நிற்பவர்கள் நம்மில் நிறையப் பேர். கனமான பிரஷர் பிளேட் போட்ட வண்டியில் அது எஞ்சினுக்குள்ளேயே தேய்மானத்தைக் கொண்டுபோகும் பழக்கம். நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.

முகங்களைக் கூட்டுவது என்றால் இரட்டை பிளேட். அதே விசைக்கு இரண்டு மடங்கு தாங்கும், பெடலும் கனக்காது. கேட்க அருமையாக இருக்கிறது, விலை அப்படி இல்லை. நியூட்ரலில் கடகடவென்று சத்தம் போடும் செட்டுகளும் உண்டு. 500 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறவர்கள் யோசிக்கலாம். 330-க்கு இரட்டை பிளேட் வாங்குவது கொசுவுக்கு வேட்டைத் துப்பாக்கி.

மிச்சம் உராய்வு. மலிவான வழி இதுதான், நான் விழுந்த குழியும் இதுதான்.

கம்பெனி பிளேட்டில் இருப்பது ஆர்கானிக். மெதுவாகப் பிடிக்கும், ஹாஃப் கிளட்சை மன்னிக்கும். செராமிக் உலோகக் கலவைத் துண்டுகளை ஆறு இதழ் மாதிரி ஒட்டிய பிளேட்டுகள் சூட்டுக்கு அஞ்சாதவை, ஆனால் அவற்றுக்கு நடுநிலை கிடையாது. பிடித்தால் முழுசாகப் பிடிக்கும், விட்டால் விடும். உதறலை விழுங்க வேறு எதுவும் இல்லாத வண்டியில், ஸ்பிரிங் இல்லாத ஹப்பும் (பிளேட்டின் நடுப்பகுதி) சேர்ந்துவிட்டால் எஞ்சினின் ஒவ்வொரு உதறலும் நேராக கியர்பாக்ஸுக்குப் போகும். நான் வாங்கியது இந்த இரண்டு குணமும் சேர்ந்தது. அராமிட் எனப்படும் கெவ்லார் வகை நீண்ட நாள் உழைக்கும், மென்மையாகவும் பிடிக்கும். ஆனால் ஒரு தடவை அளவுக்கு மீறிச் சூடேறிப் பளபளத்துவிட்டால் பழைய பிடி திரும்ப வருவது கஷ்டம்.

சூடு என்றால் எவ்வளவு? எஞ்சின் ஒரே ஆர்பிஎம்மில் நிற்க, நீங்கள் கிளட்சை மெல்ல விட்டு வண்டியைக் கிளப்புகிறீர்கள். வண்டிக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, அதே அளவு கிளட்சில் வெப்பமாகப் போகிறது. ஆளோடு சேர்த்து 1600 கிலோ வண்டி, முதல் கியரில் மணிக்கு 13 கிலோமீட்டரில் கிளட்ச் முழுசாகப் பிடிக்கிறது என்றால் ஒவ்வொரு தடவையும் சுமார் 10 கிலோஜூல். இரண்டாம் கியரில் கிளப்பும் சோம்பேறித்தனம் என் வண்டியில் அதை இரண்டரை மடங்காக்கும். மாலை ஆறு மணிக்கு முருங்கப்பாக்கத்திலிருந்து அரியாங்குப்பம் தாண்டும்வரை எத்தனை தடவை நின்று கிளம்புகிறோம் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். நம் ஊர் சமவெளி, மலையேற்றம் கிடையாது, அதனால் கிளட்சுக்குக் கஷ்டம் இல்லை என்று நினைப்பவர்கள் இந்தப் பாதையில் மே மாதம் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது தடவை நான் போட்டது, சற்றுக் கூடுதல் விசையுள்ள பிரஷர் பிளேட், அதோடு கம்பெனி வகை ஆர்கானிக் பிளேட். சலிப்பான தேர்வுதான். தெருவில் ஓடும் பத்து வண்டியில் எட்டுக்கு இதுவே போதும் என்பது என் கட்சி.

"ஸ்டேஜ் 3 போடுங்க சார்"

ஸ்டேஜ் 1, 2, 3 என்பதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 1 இன்னொரு கம்பெனியின் ஸ்டேஜ் 2-ஐவிடக் கூடுதலாகத் தாங்கலாம். எத்தனை நியூட்டன் மீட்டர், எந்த உராய்வுப் பொருள், ஹப்பில் ஸ்பிரிங் உண்டா, எந்த ஃப்ளைவீலுக்குப் பொருந்தும் என்று நாலு கேள்வி கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கடைக்காரர் தடுமாறினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஏனென்றால் ஃப்ளைவீல்தான் அடுத்த பொறி. லாரா மாதிரி வண்டிகளில் இருப்பது டூயல் மாஸ்: இரண்டு கனத் தட்டுகள், நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகள். எஞ்சினின் உதறலை அதுவே விழுங்கிவிடுவதால் கிளட்ச் பிளேட்டில் ஸ்பிரிங் பெரும்பாலும் இருக்காது. இதை எடுத்துவிட்டு ஒற்றைத் தட்டு ஃப்ளைவீல் போடுகிறவர்கள் ஸ்பிரிங் வைத்த பிளேட்டுக்கு மாறியே ஆக வேண்டும். மாறினாலும் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கொஞ்சம் கடகடக்கும்.

"லேசான ஃப்ளைவீல் போட்டால் பிக்கப் பறக்கும்" என்பது பாதி உண்மை. ஆர்பிஎம் சீக்கிரம் ஏறும். அதே சீக்கிரத்தில் விழவும் செய்யும். சிக்னலில் ஏசி கம்ப்ரஸர் உள்ளே வரும் அந்த நொடியில் வண்டி அணைந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுகிற ஊரா இது? போதாததற்கு, கிளட்ச் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இரும்பில் ஒரு பகுதியைக் கழற்றி எறிந்திருக்கிறீர்கள், அதனால் சூடும் சீக்கிரம் ஏறும்.

கிளட்ச்மேல் பழி போடும் முன்

வழுக்கல் என்றாலே பிளேட் தேய்ந்தது என்று அர்த்தமில்லை. எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். புது பிளேட் போட்டாலும் அதே கதிதான் வரும். பெடல் முழுசாக மேலே வராமல் தரை மேட் தடுத்த வண்டியும் பார்த்திருக்கிறேன், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கிளப்பும்போது அதிர்வது எஞ்சின் மவுண்ட் போனதாலும் இருக்கலாம்.

ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை விட்டு, வண்டி அணைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை இங்கே பிரயோசனப்படாது. அடியோடு செத்த கிளட்ச்தான் அதில் தோற்கும். சூடான வண்டி, காலி ரோடு, நாலாம் அல்லது ஐந்தாம் கியர், 2000 ஆர்பிஎம், முழு ஆக்ஸிலரேட்டர். முள்ளும் வேகமும் சேர்ந்து ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், சோதனையே பிளேட்டைத் தின்றுவிடும்.

மாட்டுமிடத்தில் மிச்சம் பிடிப்பது

கியர்பாக்ஸ் கீழே இறங்கிய பிறகு "பிளேட் மட்டும் மாத்தினா போதும்" என்று சொல்வதை ஏற்காதீர்கள். ரிலீஸ் பேரிங், பின்பக்க ஆயில் சீல் இரண்டும் அப்போதே மாற வேண்டியவை. டூயல் மாஸ் என்றால் அதன் ஆட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். ஒற்றைத் தட்டு என்றால் லேத்தில் கொடுத்து ஃபேசிங், அதாவது முகத்தைச் சமமாகக் கடைவது. ஃப்ளைவீல் போல்ட்டுகள் பல வண்டிகளில் ஒரு தடவை இறுக்கினால் நீண்டுவிடும் ரகம், புதுசுதான் போட வேண்டும். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் கனம் முழுவதும் பிளேட்டின் ஹப்பில் தொங்கினால் ஹப் வளைந்து, கிளட்ச் ஒழுங்காக விடாது. முதல் தடவை என் வண்டியில் ஜாக் சறுக்கி அப்படி ஆனதோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

கடலோரத்துக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தாலோ, தண்ணீரில் நின்றாலோ பிளேட்டும் ஃப்ளைவீலும் துருவில் ஒட்டிக்கொள்ளும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு இந்தப் பிரச்சினையோடு வந்த வண்டிகளைப் பார்த்தேன்: பெடல் கீழே போகும், கியர் விழாது. ஒட்டிய பிளேட்டை விடுவிக்கிறேன் என்று கியரில் போட்டு செல்ஃப் அடித்து வண்டியை எதிலாவது முட்ட வைக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மாட்டியாயிற்று என்றதும் ஈசிஆரில் மரக்காணம் வரை விரட்டிப் பார்க்க ஆசை வரும். புது பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று படிந்து பொருந்த வேண்டும், அதற்குப் பெரும்பாலான கம்பெனிகள் சொல்வது சுமார் 800 கிலோமீட்டர், அதுவும் நின்று நின்று போகிற ஊர் ஓட்டம். ஹைவேயில் ஒரே கியரில் போனால் கிளட்ச் உரசுவதே இல்லை, எனவே அந்தக் கிலோமீட்டர் கணக்கில் வராது. இரண்டாவது செட்டுக்கு நான் தவளக்குப்பம் முதல் மரப்பாலம் வரை போனதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தைப் பக்கம் வேண்டுமென்றே சுற்றியதையும் சேர்த்து. 800 ஆக மூன்று மாதத்துக்கு மேல் பிடித்தது. அதன் பிறகுதான் கன்னியக்கோயில் தாண்டி, அதே இடத்தில், ஐந்தாம் கியரில் அழுத்தினேன்.