குழந்தை ஒருவரிடம் வளர்ந்தாலும், பள்ளி மற்றும் மருத்துவப் பதிவுகளை இருவரும் பெறுவது எப்படி?

பிரிந்த பெற்றோரில் குழந்தை யாரிடம் தங்கும் என்பது ஒரு கேள்வி. அதன் மதிப்பெண்ணையும் மருத்துவ அறிக்கையையும் யார் பார்க்கலாம் என்பது வேறு கேள்வி. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி, கேட்காமலே ஒதுங்கிவிடும் பெற்றோர் நிறையப் பேர்.

1. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் தந்த உத்தரவைப் படியுங்கள். தங்குமிடம், முடிவெடுக்கும் உரிமை, பதிவுகள் ஆகிய மூன்றையும் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்ப வன்முறை போன்ற காரணத்தால் தடை இருந்தால் பள்ளிப் பக்கமே போகாதீர்கள். முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். அந்தத் தடை குழந்தையின் பாதுகாப்புக்காகப் போடப்பட்டது.

2. மூன்று தாள்கள். உத்தரவின் சான்றிட்ட நகல், உங்கள் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ், புகைப்பட அடையாள அட்டை. உத்தரவைச் சாதாரண ஜெராக்ஸ் எடுத்துப் போனால் பல அலுவலகங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

3. எழுத்தில் கேளுங்கள். "எல்லாப் பதிவுகளும்" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். "இந்தக் கல்வியாண்டின் வருகைப் பதிவு, மதிப்பெண் அட்டை, ஆசிரியர் குறிப்புகள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மருத்துவமனையில் தடுப்பூசிப் பதிவு, பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி என்று கேளுங்கள். கடிதத்தின் நகலில் தேதியுடன் ஒப்புகைக் கையெழுத்து வாங்காமல் வராதீர்கள்.

பார்க்கும் உரிமை வேறு, நகல் பெறும் உரிமை வேறு. உதாரணமாக, அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரசு நிதி பெறும் பள்ளிகள் 45 நாட்களுக்குள் பதிவுகளைக் காட்ட வேண்டும். நீதிமன்ற உத்தரவு தடுக்காதவரை இது இரு பெற்றோருக்கும் பொருந்தும். ஆனால் எல்லா நேரத்திலும் நகல் தர வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே உங்கள் ஊர்ச் சட்டம் எதைத் தருகிறது என்று பார்த்து, அந்தச் சொல்லையே கடிதத்தில் எழுதுங்கள்.

4. பள்ளி, மருத்துவமனை இணையதளங்களில் உங்களுக்கென்று தனி லாகின் வாங்குங்கள். சிக்கல் அதிகம் வருவது இங்கேதான். சேர்க்கைப் படிவத்தில் ஒருவருடைய மின்னஞ்சல் மட்டும் இருந்தால் எல்லா அறிவிப்பும் அவருக்கே போகும். யாரும் வேண்டுமென்று மறைத்திருக்க மாட்டார்கள். கணினியில் இருப்பது ஒரே முகவரி, அவ்வளவுதான். உங்கள் பெயரையும் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். மற்றவரின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தவே கூடாது, பின்னால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

5. மறுத்தால்: "அம்மாவிடம் அனுமதிக் கடிதம் வாங்கி வாருங்கள்" என்றால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். உத்தரவின் பத்தி எண்ணைச் சுட்டி மேலதிகாரிக்கு எழுதுங்கள். மற்றவரின் முகவரியை மறைத்துத் தருவதும், பதின்வயதுப் பிள்ளையின் மனநல ஆலோசனைக் குறிப்பைத் தராததும் பல இடங்களில் முறையானதே. அதற்காகச் சண்டை வேண்டாம்.

உத்தரவு இன்னும் எழுதப்படவில்லை என்றால் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "பள்ளி, மருத்துவப் பதிவுகளை இரு பெற்றோரும் மற்றவரின் சம்மதமின்றி நிறுவனத்திடமிருந்து நேரடியாகப் பெறலாம்." இதில் "நேரடியாக" என்ற சொல் விடுபட்டால், ஒவ்வொரு மதிப்பெண் அட்டைக்கும் குழந்தைதான் தூது போக வேண்டிவரும்.