பி அண்ட் ஐடி வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலையின் பாத்திரம், குழாய், வால்வு, கருவி எல்லாம் எப்படி இணைகின்றன என்று குறியீடுகளால் காட்டும் வரைபடம்தான் பி அண்ட் ஐடி. கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்து ஆலைக்குள் வருகிறவர்களுக்கு வால்வு, பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர் குறியீடுகள் மனப்பாடமாகவே இருக்கும். வம்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தெரியாதவர் பக்கத்து சீட்டில் கேட்டுவிடுவார். தெரியும் என்று நினைப்பவர் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

பி அண்ட் ஐடி கட்டின் முதல் சில தாள்கள் லெஜண்ட் ஷீட். இந்தத் திட்டத்தில் எந்தக் குறி எதைக் காட்டுகிறது என்பது அங்கேதான் இருக்கும். அதைப் புரட்டித் தள்ளிவிட்டு நேராக ரியாக்டர் தாளுக்குப் போவதைத்தான் நான் முதல் தவறாகச் சொல்வேன். கருவிக் குறிகளுக்கு அமெரிக்காவின் ஐஎஸ்ஏ 5.1, படங்களுக்கு ஐஎஸ்ஓ 10628 என்று தரங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு நிறுவனமும் கொஞ்சம் தன் விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளும். நுனி தொட்டு நிற்கும் இரண்டு முக்கோணங்கள் பல இடங்களில் கேட் வால்வு. நடுவில் கறுப்பு வட்டம் வந்தால் குளோப் வால்வு, வெற்று வட்டம் வந்தால் பால் வால்வு. முக்கோணங்களே கறுப்பாக இருந்தால் வழக்கமாக மூடியிருக்கும் வால்வு என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. நாலாவது தடவை ஜெராக்ஸ் எடுத்த தாளில் வெற்று வட்டம் எது, கறுப்பு வட்டம் எது என்று கண்டுபிடிப்பது தனிக் கலை.

தரத்தின் பதிப்பு மாறினால் பொருளும் மாறும். சதுரத்துக்குள் சாய்சதுரம் போட்ட குறி ஐஎஸ்ஏ 5.1-இன் 1984 பதிப்பில் பிஎல்சியை (கருவிகளை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) காட்டியது. 2009 பதிப்பில் அதே குறி, ஆபத்து வந்தால் ஆலையைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புக் கருவி அமைப்புக்கும் வந்துவிட்டது. பழைய ஆலையில் புதிய யூனிட் சேர்த்திருந்தால் ஒரே அலமாரியில் இரண்டு பொருளும் இருக்கும். இப்படித் தானாக நிறுத்தும் பாதுகாப்பு டிரிப்பை ‘சாதாரண பிஎல்சி லாஜிக்தானே’ என்று எடுத்துக்கொண்டு அதைத் தற்காலிகமாக முடக்க (பைபாஸ்) அனுமதி கேட்பவரை அப்புறம் என்ன சொல்லித் திருத்துவது?

கருவி வட்டத்தின் நடுவே ஓடும் கோட்டையும் பலர் கவனிப்பதில்லை. கோடு இல்லாவிட்டால் கருவி களத்தில் இருக்கிறது. முழுக் கோடு இருந்தால் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர் கண்ணுக்குத் தெரியும். விட்டுவிட்டுப் போகும் கோடு என்றால் பேனலுக்குப் பின்னால். வட்டத்தைச் சுற்றிச் சதுரம் இருந்தால் டிசிஎஸ் (ஆலையைக் கட்டுப்படுத்தும் கணினி அமைப்பு) திரையில் வரும். எங்கே என்ன தவறலாம் என்று ஆராயும் ஹசாப் கூட்டத்தில் ‘பிரஷர் ஏறினால் ஆபரேட்டர் பார்த்துவிடுவார்’ என்று ஒருவர் சொல்வார், பதிவேட்டிலும் அது பாதுகாப்பாக ஏறிவிடும். படத்தில் இருப்பதோ கோடில்லாத வட்டத்தில் ஒரு பிஐ, அதாவது களத்தில் இருக்கும் பிரஷர் கேஜ். இரவு 2 மணிக்கு மழையில் நனைந்துகொண்டு போய் அந்தக் கேஜைப் பார்ப்பவர் யார்?

எழுத்துகள் இன்னும் ஏமாற்றும். டேகில், அதாவது கருவியின் பெயரெழுத்துகளில், டி முதலில் வந்தால் வெப்பநிலை, பின்னால் வந்தால் டிரான்ஸ்மிட்டர் (அளவை சிக்னலாக அனுப்பும் கருவி). வட்டத்துக்குள் எஃப்சி என்றால் ஃப்ளோ கன்ட்ரோலர். அதே எஃப்சி வால்வுக்குக் கீழே நின்றால், காற்று போனால் வால்வு மூடிக்கொள்ளும் என்று பொருள். இந்த எஃப்சியை என்சியோடு (வழக்கமாக மூடியது) குழப்புவதுதான் ஆபத்தானது. வழக்கமான ஓட்டத்தில் வால்வு எப்படி இருக்கும் என்பதை என்சி சொல்கிறது. காற்றோ கரண்டோ போனால் எங்கே போய் நிற்கும் என்பதை எஃப்சி சொல்கிறது. ஓட்டத்தின்போது பாதி திறந்திருக்கும் கன்ட்ரோல் வால்வும் எஃப்சியாக இருக்கலாம். ஃபர்னஸுக்குப் போகும் எரிவாயு வால்வு மூடிக்கொள்ள வேண்டும், வெப்பம் கக்கும் ரியாக்டருக்குக் குளிர்நீர் தரும் வால்வு திறந்துகொள்ள வேண்டும். ஆகவே படம் வரைபவர் பழைய தாளிலிருந்து ஒரு வால்வை காப்பி, பேஸ்ட் செய்யும்போது அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். சில படங்களில் எழுத்துக்குப் பதில் ஸ்டெம்மில் அம்புக்குறி இருக்கும். வால்வை நோக்கி இருந்தால் மூடும், விலகி இருந்தால் திறக்கும்.

எல்லா கன்ட்ரோல் வால்வுக்கும் எஃப்சிவி, பிசிவி என்று பெயர் வைப்பதும் பரவலான பழக்கம். ஐஎஸ்ஏ முறையில் லூப்பில் (கன்ட்ரோலர் சொல்படி வால்வு இயங்கும் சுற்றில்) இருக்கும் வால்வு எஃப்வி, பிவி. நடுவில் சி வந்தால் தானாகவே இயங்கும் ரெகுலேட்டர். உங்கள் நிறுவனத்தில் எல்லாம் எஃப்சிவிதான் என்றால் சரி, லெஜண்டில் அப்படி எழுதியிருக்க வேண்டும்.

சிக்னல் கோடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: இரட்டைச் சாய்கோடு காற்று, விட்டுவிட்டுப் போகும் கோடு மின்சாரம், சின்ன வட்டங்கள் கோத்த கோடு மென்பொருள் இணைப்பு. எல்லாவற்றையும் ஒரே மாதிரி வரைந்தால் கேபிள் கணக்குப் போடுபவர் திண்டாடுவார்.

படத்தில் தூரம் உண்மையில்லை. ஒட்டி வரைந்த இரண்டு பாத்திரங்கள் ஆலையின் எதிரெதிர் மூலைகளில் இருக்கலாம். அதனால் ‘பி அண்ட் ஐடியில் அமைப்பே கிடையாது’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சரிவு வேண்டும், நடுவில் திரவம் தேங்கும் பள்ளம் கூடாது, குறைந்தபட்ச உயரம் இவ்வளவு என்று ஓரத்தில் எழுதியிருக்கும் குறிப்புகளை பைப்பிங் குழு அப்படியே பின்பற்ற வேண்டும். படுக்கையாக வரும் பம்ப் சக்ஷனில் (உறிஞ்சும் குழாயில்) எக்சென்ட்ரிக் ரெடியூசரின் (ஒரு பக்கம் தட்டையாக இருந்து குழாயின் அளவைக் குறைக்கும் துண்டின்) தட்டைப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்ற குறிப்பு விட்டுப்போனால் மேலே காற்று சேர்ந்து பம்ப் திணறும்.

பைப் கிளாஸ் (குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற வகை) மாறும் இடத்தில் ஒரு சின்னக் கோடு தவறினாலும் செலவுதான். 300 கிளாஸ் குழாய் 150 கிளாஸாக மாறும் இடத்தில் வால்வு இருந்தால், அது 300 கிளாஸாகவே இருக்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில் கார்பன் ஸ்டீல் ஃபிளாஞ்ச் 300 கிளாஸில் சுமார் 51 பார் தாங்கும், 150 கிளாஸில் சுமார் 20 பார்தான். பிரிவுக் கோட்டை வால்வுக்கு முன்னால் போட்டுவிட்டால் 150 வால்வுதான் கடையிலிருந்து வரும். அதை மூடும் நாளில் ஒரு பக்கம் முழு அழுத்தமும் நிற்கும்.

கடைசியாக, திருத்தங்கள். இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோ ஆலையில் வரிசையாக நின்ற ரியாக்டர்களில் ஐந்தாவது விரிசல் விட்டதால் அதைக் கழற்றிவிட்டு, நான்கையும் ஆறையும் 20 அங்குலக் குழாயால் இணைத்தார்கள். ரியாக்டர்களின் வாய் 28 அங்குலம். அந்தக் குழாய்க்கு இருந்த ஒரே வரைபடம், பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டது. 1974 ஜூன் 1 அன்று அது பிய்த்துக்கொண்டது, சைக்ளோஹெக்ஸேன் மேகம் வெடித்தது, 28 பேர் இறந்தார்கள். ஒழுங்காகப் படம் வரைந்திருந்தால் மட்டும் விபத்து நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் படம் மேசைக்கு வந்திருந்தால், இரண்டு பக்கமும் பெல்லோஸ் (நெகிழும் மடிப்பு இணைப்பு) வைத்த வளைந்த குழாயை எது தாங்கும் என்று ஒருவராவது கேட்க வழி இருந்திருக்கும்.

இன்றும் ‘தற்காலிகம்’ என்று போட்ட பைபாஸ் குழாய் பல ஆலைகளில் படத்தில் ஏறுவதேயில்லை. அதனால் ஐசொலேஷன் எடுக்கும் (வேலைக்காக ஒரு பகுதியை மூடிப் பிரிக்கும்) முன் மேசை டிராயரில் கிடக்கும் பிரதியை நம்பாமல், ஆவண அறையின் நடப்புத் திருத்தப் பிரதியை வாங்குங்கள். குழாயோடு நடந்து பாருங்கள். படத்தில் இல்லாத டிரெயினோ வால்வோ கண்ணில் பட்டால் சிவப்புப் பேனாவால் குறித்து, தேதி போட்டு, அந்தத் தாளை ஆவண அறைக்கே திருப்பிக் கொடுங்கள்.