கரகரத்த லேண்ட்லைன் சரியான கதை

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அம்மா வீட்டு லேண்ட்லைனில் ஒரே கரகரப்பு. மணி ஒரு தடவை அடித்துவிட்டு நின்றுவிடும். எடுத்தால் பேச்சே கேட்காது. அம்மாவுக்குச் செல்போன் பிடிபடாது. அந்த ஒரு போன்தான் அவருக்கு எல்லாமே. அதனால் அடுத்த ஞாயிறே போய் உட்கார்ந்துவிட்டேன்.

போனைக் கழற்றி, வாசல் பக்கம் வெளி வயர் வந்து சேரும் பெட்டியில் நேரடியாக மாட்டினேன். துளி இரைச்சல் இல்லை. அப்போ கோளாறு போனிலும் இல்லை, வெளி லைனிலும் இல்லை. போனைக் கழற்றிவிட்டு அங்கே மல்டிமீட்டரை வைத்தால் 49 வோல்ட். ஹாலுக்குப் போகும் வயரை இணைத்ததும் அது 30க்கு இறங்கி ஆடியது. இரண்டு கம்பிக்கும் நடுவே ஈரத்தில் மின்சாரம் கசிந்தால், போனை எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் நினைத்து மணியை நிறுத்திவிடும்.

வயரைத் தடவிக்கொண்டே போனேன். ஜன்னலுக்கு மேலே பழைய ஒட்டு ஒன்று. டேப்பைப் பிரித்தால் பிசுபிசுவென்று ஈரம். செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு.

மணி வரும்போது 75 வோல்ட்டுக்கு மேல் பாயும், கை வைத்தால் ஷாக் அடிக்கும். அதனால் வாசல் பெட்டியில் வயரைக் கழற்றிவிட்டுத்தான் வெட்டினேன். களிம்பு பிடித்ததை நறுக்கி, சுரண்டி முறுக்கி, ஈயம் பற்றவைத்து, ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி ஸ்லீவ் போட்டேன்.

சாயங்காலம் சித்தி கூப்பிட்டார். மணி முழுசாக அடித்தது. அம்மா முக்கால் மணி நேரம் பேசினார்.