பழைய ஸ்கூல் பஸ்ஸின் கதையைக் குறித்து வைக்க

வீட்டு ஆல்பத்தில் பழைய ஸ்கூல் பஸ் படம் கிடைத்தால் முதலில் நம்பர் பிளேட்டை எழுதிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வாகன எண்ணின் கடைசி எழுத்து, முன்னால் உள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் வைத்துக் கணக்கிடப்படுவது. ஓர் இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தில் 'ஓ' வராது. மங்கலான படத்தில் அப்படித் தெரிந்தால் 'டி'யா, 'ஜி'யா என்று பாருங்கள்.

பஸ் வெளிநாட்டுக்குப் போனால் இந்த எண் போய்விடும், வண்டியின் அடிச்சட்டத்துக்குரிய சேசிஸ் எண்தான் கூடவே வரும். வண்டி இன்னும் எங்காவது நின்றால், உரிமையாளரிடம் கேட்டு சேசிஸ் எண் உள்ள தகட்டைப் படமெடுங்கள்.

ஓட்டிய அங்கிள்களுக்கு வழித்தடம் அத்துப்படி, ஆண்டுதான் சறுக்கும். பள்ளி திறந்த, இடம் மாறிய செய்திகளைத் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தேடி ஒப்பிடுங்கள், பழைய தமிழ் முரசும் அங்கே உண்டு. 'ஸ்கிராப் ஆகியிருக்கும்' என்று ஊகித்து எழுத வேண்டாம். கடைசியாகப் பார்த்த இடமும் தேதியும் போதும்.