கோப்பு எங்கே இருக்கிறது என்று கர்னல் தப்பாகச் சொன்னால்: ஃபைமேப் பிழையைத் திருத்தும் முறை

லினக்ஸில் ஒரு கோப்பைத் திறந்து படித்தால் எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் அதே கோப்பு டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்று கேட்டால் மட்டும் ஃபைல்சிஸ்டம் தப்பான கணக்கைக் கொடுக்கிறது. கர்னலிடம் (லினக்ஸின் மைய நிரல்) இப்படிக் கேட்கும் வசதிக்குப் பெயர்தான் ஃபைமேப். இந்த வகைப் பிழையைப் பிடித்துத் திருத்துவது எப்படி என்று பார்ப்போம். சி மொழி கொஞ்சம் தெரிந்திருந்து, டெர்மினலில் கட்டளை அடித்துப் பழக்கம் இருந்தால் போதும்.

டேட்டா பத்திரமாகத்தானே இருக்கிறது, கணக்கு தப்பாக இருந்தால் என்ன என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கணக்கை நம்பி வேலை செய்யும் நிரல்கள் இருக்கின்றன. 2011இல் வந்த கோர்யூட்டில்ஸ் (லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) 8.10இல், நடுவில் வெற்றிடம் உள்ள கோப்புகளை வேகமாக நகலெடுக்க சிபி கட்டளை இதே கணக்கைத்தான் பயன்படுத்த ஆரம்பித்தது. இன்னும் டிஸ்க்குக்குப் போய்ச் சேராத டேட்டாவைச் சில ஃபைல்சிஸ்டம்கள் சரியாகச் சொல்லாததால், டேட்டா இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்களோடு நகல்கள் உருவாயின. கடைசியில் 2021இல் 9.0 பதிப்பில் சிபி அந்த வழியையே விட்டுவிட்டு, டேட்டா எங்கே, ஓட்டை (வெற்றிடம்) எங்கே என்று எல்சீக் என்ற சிஸ்டம் கால் மூலம் கேட்கும் முறைக்கு மாறியது.

முதலில் ஃபைமேப் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்

பழைய காலத்தில் ஃபிப்மேப் என்ற ஐஆக்டல் (நிரல் கர்னலிடம் தனிப்பட்ட கேள்வி கேட்கும் அழைப்பு) இருந்தது. ஒவ்வொரு பிளாக்காக (டிஸ்க் இடத்தைப் பிரித்திருக்கும் சம அளவுத் துண்டு) கேட்க வேண்டும், ரூட் உரிமையும் வேண்டும். 2008இல் 2.6.28 கர்னலோடு ஃபைமேப் வந்தது. இது தொடர்ச்சியான பிளாக்குகளைச் சேர்த்து ஒரே எக்ஸ்டென்டாகச் சொல்லும். ஒவ்வொரு எக்ஸ்டென்டுக்கும் நான்கு விஷயங்கள் முக்கியம்: கோப்புக்குள் அது ஆரம்பிக்கும் இடம் (லாஜிக்கல்), டிஸ்க்கில் ஆரம்பிக்கும் இடம் (ஃபிசிக்கல்), நீளம், அப்புறம் கொடிகள் (எக்ஸ்டென்டின் தன்மையைச் சொல்லும் பிட்டுகள்). முதல் மூன்றும் பைட் கணக்கு, 64 பிட் எண்கள். ஃபைல்சிஸ்டம் உள்ளுக்குள் பிளாக் கணக்கில் யோசிக்கிறது, வெளியே பைட்டில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் பிழை நுழைவது இந்த மாற்றத்தில்தான்.

பிழையை வரவழைத்தல்

உங்கள் சொந்த மெஷினில் செய்ய வேண்டாம், ஒரு விர்ச்சுவல் மெஷினில் செய்யுங்கள். ட்ரன்கேட் கட்டளையால் 8 ஜிபி இமேஜ் ஒன்றை உருவாக்குங்கள். அது உண்மையில் அவ்வளவு இடத்தை எடுக்காது. அதில் நீங்கள் திருத்தப்போகும் ஃபைல்சிஸ்டத்தை 4096 பைட் பிளாக்கோடு உருவாக்கி, லூப் முறையில் (இமேஜ் கோப்பையே ஒரு டிஸ்க் போல) மவுன்ட் செய்யுங்கள். அப்புறம் டிடி கட்டளையால் ஒரே கோப்பில் இரண்டு பிளாக் மட்டும் எழுதுங்கள்: ஒன்று 0ஆவது பிளாக்கில், இன்னொன்று சீக் கொடுத்து 1048581ஆவது பிளாக்கில். நடுவில் உள்ளதெல்லாம் ஓட்டை. டேட்டாவை டிஸ்க்குக்கு அனுப்பிவைக்கும் சின்க் கட்டளையை அடித்துவிட்டு, ஃபைமேப் தரும் விடையைக் காட்டும் ஃபைல்ஃப்ராக் கட்டளையை வி தேர்வோடு அந்தக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். சின்க்கை மறந்தால் இன்னும் இடம் ஒதுக்கப்படாத டேட்டா வேறு கொடியோடு வந்து உங்களைக் குழப்பும்.

ஆரோக்கியமான ஃபைல்சிஸ்டம் இரண்டு எக்ஸ்டென்ட் காட்டும், லாஜிக்கல் இடம் 0, அடுத்தது 1048581 (ஃபைல்ஃப்ராக் பைட்டை பிளாக் கணக்காக மாற்றிக் காட்டும்). பிழை உள்ளதில் இரண்டாவது வரிசையில் 5 என்று வரும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு சோர்ஸ் கோடுக்குள் குதிக்க வேண்டாம், எண்ணையே கொஞ்ச நேரம் பாருங்கள். 1048581இல் 5ஐக் கழித்தால் 1048576. அது 2இன் 20ஆவது அடுக்கு. பிளாக் அளவு 4096, அது 2இன் 12ஆவது அடுக்கு. 20ம் 12ம் சேர்ந்தால் 32. அதாவது பைட் கணக்கு சரியாக 4 ஜிபியைத் தாண்டும்போது மேல் பிட்டுகள் கொட்டிப்போகின்றன; எங்கேயோ 32 பிட் எண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தேடவேண்டியது என்ன என்பது கோடைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

டேட்டா நிஜமாகவே சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கோப்பின் 1048581ஆவது பிளாக்கை டிடியால் ஸ்கிப் கொடுத்துப் படித்து, எழுதியதோடு சிஎம்பி கட்டளையால் ஒப்பிடுங்கள். பொருந்தினால், படிக்கும் பாதையில் தப்பில்லை, அறிக்கை தரும் பாதையில் மட்டும்தான் தப்பு.

திருத்தம்

ஃபைல்சிஸ்டம் டிரைவரின் ஐநோட் ஆபரேஷன்ஸ் அமைப்பில் (கோப்பு வேலைகளுக்கான ஃபங்ஷன்களின் பட்டியல்) ஃபைமேப் என்ற இடத்தில் எந்த ஃபங்ஷன் மாட்டியிருக்கிறது என்று பார்த்து அதற்குள் போங்கள். அங்கே பிளாக் எண்ணை இடப்பக்கம் ஷிஃப்ட் செய்து பைட்டாக்கும் வரி இருக்கும். பிளாக் எண் யு32 (32 பிட் எண் வகை) ஆக இருந்தால் ஷிஃப்டும் 32 பிட்டிலேயே நடக்கும்; விடையை 64 பிட் மாறியில் போட்டாலும் போனது போனதுதான். அதனால் பிளாக் எண்ணை முதலில் யு64 ஆக காஸ்ட் செய்து, அப்புறம் ஷிஃப்ட் செய்ய வேண்டும். அடைப்புக்குறி எங்கே விழுகிறது என்பதில் கவனம்: ஷிஃப்ட் முழுவதையும் அடைப்புக்குள் போட்டு அதற்கு வெளியே காஸ்ட் வைத்தால் ஒன்றும் மாறாது, கம்பைலரும் பெரும்பாலும் வாய் திறக்காது.

இதே வேலையை மூன்று இடத்திலும் செய்யுங்கள், லாஜிக்கல், ஃபிசிக்கல், நீளம். நீளத்தை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தில் ஒரு எக்ஸ்டென்ட் 32768 பிளாக்குக்கு மேல் போகாது, 4096 பைட் பிளாக்கில் அது 128 எம்பிதான், அதனால் அங்கே நீளம் 32 பிட்டைத் தாண்டி வழியாது. உங்கள் ஃபைல்சிஸ்டத்தில் அப்படி வரம்பு இல்லையென்றால் நிச்சயம் ஒருநாள் வழியும்.

அதே ஃபங்ஷனில் இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். ஒவ்வொரு எக்ஸ்டென்டையும் பயனரிடம் சேர்க்கும் கர்னல் ஃபங்ஷன் ஃபைமேப்_ஃபில்_நெக்ஸ்ட்_எக்ஸ்டென்ட். அது 0 கொடுத்தால் தொடரலாம், 1 கொடுத்தால் பஃபர் நிரம்பிவிட்டது அல்லது கடைசி எக்ஸ்டென்ட் வந்துவிட்டது, எதிர் எண் என்றால் பிழை. அந்த 1ஐ அப்படியே திருப்பி அனுப்பக் கூடாது, லூப்பை முடித்து 0 ஆக்கித்தான் வெளியேற வேண்டும். கடைசி எக்ஸ்டென்டுக்கு லாஸ்ட் கொடியும் போட வேண்டும். பெரும்பாலான நிரல்கள் கடைசியாகக் கிடைத்த எக்ஸ்டென்டின் முடிவிலிருந்து அடுத்த கேள்வியை ஆரம்பிக்கும். லாஜிக்கல் எண் வழிந்து பின்னோக்கிப் போனால், அந்த நிரல் கோப்பின் ஆரம்பத்துக்கே திரும்பி முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அறிக்கைப் பிழை ஒரு பேக்கப்பை இரவெல்லாம் தொங்கவிடுவது இப்படித்தான்.

புதிதாக எழுதுபவர்களுக்கு என் கருத்து: ஐயோமேப் (ஃபைல்சிஸ்டம்களுக்காகக் கர்னலிலேயே உள்ள பொது நூலகம்) பயன்படுத்த முடிந்தால் அதிலுள்ள பொது ஃபைமேப் ஃபங்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். நாமே கையால் எழுதும் லூப் ஒன்று குறையும்.

சரியாகிவிட்டதா?

மாட்யூலை மறுபடி கம்பைல் செய்து ஏற்றி, அதே கோப்பில் ஃபைல்ஃப்ராக் ஓட்டுங்கள். 1048581 வர வேண்டும். அதோடு நிறுத்தாமல், அது காட்டும் ஃபிசிக்கல் பிளாக் எண்ணை எடுத்து, இமேஜ் கோப்பிலிருந்தே அந்த பிளாக்கை டிடியால் படித்து, எழுதிய டேட்டாவோடு ஒப்பிடுங்கள். ஃபிசிக்கல் எண்ணுக்கு இதைவிட நேரடியான சோதனை இல்லை. முதலில் 5 ஜிபி அளவுக்கு வேறு கோப்புகளால் இடத்தை நிரப்பிவிட்டு இன்னொரு முறையும் செய்யுங்கள், அப்போதுதான் டிஸ்க்கின் 4 ஜிபிக்கு அப்பாலுள்ள பகுதியும் சோதனைக்கு வரும்.

அப்புறம் ஃபைல்சிஸ்டம்களைச் சோதிக்கும் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் ஜெனரிக் 225ஐ ஓட்டுங்கள், அது ஃபைமேப்புக்கென்றே எழுதப்பட்ட சோதனை.

பேட்ச் அனுப்பும்போது விளக்கத்தில் அந்த இரண்டு பிளாக் கோப்பை உருவாக்கும் கட்டளைகளையும், திருத்துவதற்கு முன்னும் பின்னும் ஃபைல்ஃப்ராக் காட்டியதையும் அப்படியே ஒட்டுங்கள். பராமரிப்பவர் ஒரு நிமிடத்தில் தானே ஓட்டிப் பார்த்துக்கொள்வார். பிழையைக் கொண்டுவந்த கமிட் எது என்று கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியும் எந்த கமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை) தெரிந்தால், அந்த கமிட்டைக் குறிப்பிடும் ஃபிக்ஸஸ் வரியையும் சேருங்கள், பழைய ஸ்டேபிள் கர்னல்களுக்கும் திருத்தம் போய்ச் சேர அது உதவும்.