அன்றன்றைக்கு ஒரு ஓமர்

திங்கள், புதன், வெள்ளி. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து கிளம்பி, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகிறேன். ஒரு தடவை உட்கார்ந்தால் நான்கு மணி நேரம். இது ஆறாவது வருடம். போன மாதம் சபையில் ஒரு தம்பி, "தேவன் உண்மையுள்ளவர் என்று இந்த நிலைமையிலும் எப்படி நம்புறீங்க அண்ணே?" என்று கேட்டான். எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவேன். எப்படி என்று கேட்டதும் வாயடைத்துப் போனேன். வீட்டுக்கு வந்து யோசித்து எழுதியது இது.

முதலில், கணக்குப் போடுவதை நிறுத்துங்கள். நான் லாரி ஓட்டியவன். தூரம், எண்ணெய், டோல் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கூட்டிப் பார்த்துப் பழகியவன். முதல் மாதம் நாற்காலியில் சாய்ந்தபடி அதையேதான் செய்தேன். வருடத்துக்கு 156 தடவை. பத்து வருடத்துக்கு 1,560. தடவைக்கு இரண்டு ஊசி, ஆக 3,120 ஊசி. அத்தனையும் அன்றைக்கே கையில் ஏறிய மாதிரி வியர்த்துவிட்டது. அன்று குத்தியது இரண்டே இரண்டு.

அந்த வாரம் பைபிளில் யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுகிறது. தலைக்கு ஒரு ஓமர் அளவு. சிலர் மறுநாளைக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்தார்கள். பூச்சி பிடித்து நாறிப்போனது. சண்டே ஸ்கூலில் இதைக் கீழ்ப்படியாதவர்களின் கதையாகச் சொல்லித் தந்தார்கள். இப்போது எனக்கு அவர்கள்மேல் பரிதாபம்தான். நாளைக்கும் விழுமா என்ற பயம் யாருக்குத்தான் இல்லை? டயாலிசிஸும் அப்படித்தான். அடுத்த தடவைக்கும் சேர்த்து இன்றைக்கே எட்டு மணி நேரம் ஓட்டிவிட முடியாது. இன்றைய ரத்தத்தை இன்றுதான் சுத்தம் செய்ய முடியும்.

அப்புறம், காலையில் எழுந்ததும் எதையாவது தொட்டுப் பாருங்கள். என் இடது கையில் ஃபிஸ்துலா இருக்கிறது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம். தினமும் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ரத்தம் ஒழுங்காக ஓடினால், மடியில் படுத்த பூனை குர்ரென்று இழைவது போல விரலுக்கடியில் ஒரு அதிர்வு இருக்கும். அது நின்றுவிட்டால் உடனே நிலையத்துக்கு போன் போட வேண்டும். ஐந்து மணிக்கு, விளக்கு போடுவதற்கு முன்பே, வலது கை தானாக அங்கே போய்விடும். அதிர்வு கிடைத்ததும் "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று மெல்லச் சொல்வேன். உங்களுக்கு ஃபிஸ்துலா இல்லை, சந்தோஷம். மணிக்கட்டில் நாடி இருக்கிறதே, அது போதும். போனைத் தொடுவதற்கு முன்பு அதைத் தொடுங்கள்.

அந்த வசனம் புலம்பல் 3:23. அவைகள் என்றால் கர்த்தருடைய இரக்கங்கள். ஆனால் நேராக அங்கே தாவிவிடாதீர்கள். என்னைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆரஞ்சுப் பழமும் ஒரு வசனமும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆரஞ்சு எனக்கு ஆகாது, பொட்டாசியம் அதிகம். எருசலேம் பாபிலோனிடம் விழுந்த துக்கத்தில் எழுதப்பட்டது புலம்பல். அந்த அதிகாரத்தில் முதல் இருபது வசனமும் முறையீடுதான். "என் எலும்புகளை நொறுக்கினார்" என்று புலம்புகிறவன் தேவனைப் பற்றியே சொல்கிறான். அதற்குப் பிறகுதான் "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" வருகிறது. சொல்ல வேண்டிய முறையீடு இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்வேன்.

ஜெபத்தைச் சின்னதாக்குங்கள். "என்னைக் காத்துக்கொள்ளும்" என்று பொதுவாகக் கேட்டால் காத்தாரா இல்லையா என்று சாயங்காலம் நமக்கே தெரியாது. "இன்று நான்கு மணி நேரமும் பிரஷர் இறங்காமல் இருக்கட்டும்" என்று கேட்கிறேன். இறங்கிய நாளும் உண்டு. ஒரு புதன்கிழமை கண் இருட்டிக்கொண்டு வந்தது; நர்ஸ் ஓடி வந்து நாற்காலியைச் சாய்த்து, காலை உயர்த்தி, சலைன் ஏற்றினார். அன்று இரவு நோட்டில் இரண்டு வரி எழுதினேன். கேட்டது கிடைக்கவில்லை. நர்ஸ் வந்தார். எதையும் அடித்துத் திருத்தவில்லை.

நோட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒட்டுக்கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 நோட்டுதான். சட்டைப் பையில் அடங்கும். நாளுக்கு ஒரு வரி, தேதியோடு. மருமகன் வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று காரில் கொண்டுபோய் விட்டது, மழையில் கிராப் டாக்சி கிடைத்தது, கால் பிடித்து இழுக்காதது. மிஞ்சிய மன்னா நாறிப்போனாலும், தலைமுறைகளுக்குக் காட்டுவதற்கென்று ஒரு ஓமர் மன்னாவைக் கலசத்தில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். என் நோட்டும் அந்தக் கலச வகைதான். பயம் வரும் இரவில் அதைப் புரட்டுங்கள், நாளைய நாட்காட்டியை அல்ல.

இன்றைக்கு மட்டும் வாழ்வது என்றால் முன்யோசனையே கூடாது என்று அர்த்தமில்லை. ஆறாம் நாள் மட்டும் மன்னா இரட்டிப்பாகக் கிடைத்தது, ஓய்வுநாளுக்கும் சேர்த்து. வெள்ளி முடிந்தால் திங்கள் வரை இரண்டு முழு நாள் எனக்கு மெஷின் இல்லை. உடம்பில் நீர் சேரும். அதனால் சனி, ஞாயிறு உப்பிலும் தண்ணீரிலும் கூடுதல் கவனம். இதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை விட்டுவிடலாமே என்று ஒருவர் என் வீட்டுக்கே வந்து சொன்னார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எனக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் 750 மில்லிதான் அளவு. காலையில் மனைவி ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவாள். மாத்திரைக்கு, தேநீருக்கு, எல்லாம் அதிலிருந்துதான். அவள் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஜூலை 26 வந்தால் இன்னும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள். நான் வாய் திறப்பதில்லை. போன ஞாயிறு இரவு பாட்டிலில் இரண்டு மிடறு மிஞ்சியிருந்தது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்றேன். "நாளைக்கு நாளைக்கு உள்ளது இருக்கு" என்று சொல்லி, வாசலில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.